அகல ரிம்மில் ஒல்லி டயர்: அளவை பில்லில் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய கார்ப் பிரியர்களைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில், கடலோரக் கருங்கற்களை ஒட்டி நிறுத்தியிருந்த ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரின் படமும் அதில் இருந்தது. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை. ரிம்மின் விளிம்பு டயரைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. நேராக நிற்க வேண்டிய டயரின் பக்கச் சுவர் சாய்ந்து படுத்திருக்கிறது. அகலமான ரிம்மில் ஒல்லியான டயரை இழுத்து மாட்டியிருக்கிறார்கள். பையன்கள் இதற்கு 'ஸ்ட்ரெட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே நீங்கள் எழுதியிருந்த பாராட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி விட்டுப் போனதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

நான் திருவொற்றியூர்க்காரன். டயர் ஃபேக்டரியில் பீட் கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊருக்கு டயர் புதிதல்ல. எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்துதான் தொடங்கியது; டயர் எல்லாம் அப்புறம் வந்தது. டயர் வாங்க வருகிறவர்கள் பட்டனை, அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகளைத் தடவிப் பார்ப்பார்கள், கம்பெனிப் பெயரைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள். பீட்டை யாரும் பார்ப்பதில்லை. டயரின் உள் விளிம்பில், ரிம்மில் போய் உட்காருகிற தடித்த வளையம்தான் பீட். வெண்கலப் பூச்சுப் பூசிய எஃகுக் கம்பியை ரப்பரோடு சேர்த்துச் சுற்றுச் சுற்றாகக் கட்டுவோம். ட்யூப்லெஸ் டயரில் காற்று வெளியே போகாமல் நிற்பது இந்த வளையம் ரிம்மோடு ஒட்டி உட்கார்வதால்தான். திருகு கிடையாது, பசை கிடையாது. உள்ளே இருக்கிற காற்றே பீட்டை ரிம்மின் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காற்று இறங்கினால் அந்தப் பிடியும் தளரும். இதற்கு மேல் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

பீட் ஒழுங்காக உட்கார வேண்டுமானால் ரிம்மின் அகலம் டயருக்குப் பொருந்த வேண்டும். டயர் செய்கிறவர்கள் ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். 195/50 ஆர்15 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இந்த டயருக்கு 5.5 அங்குலத்திலிருந்து 7 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் சரி. டயரில் எழுதியிருக்கும் 195 மில்லிமீட்டர் என்பதே 6 அங்குல ரிம்மில் மாட்டி அளந்த அகலம். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரும் சுமார் 5 மி.மீ. விரிந்துகொடுக்கும். அந்த அளவுக்கு இடம் விட்டுத்தான் செய்கிறோம். அதைத் தாண்டி இழுத்தால் பீட் தன் இடத்தில் முழுதாகப் படியாமல் கோணலாகத் தொத்திக்கொண்டு நிற்கும். பக்கச் சுவரின் வேலை மடங்கி விரிவது. இழுத்து மாட்டினால் அதுவும் விறைத்துப் போகும்.

இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகனிடம் அவன் அப்பா வாங்கிய 2001 மாடல் எஸ்டீம் இருக்கிறது. அதில் 5 அங்குல ரிம்மும் 175/70 ஆர்13 டயரும் இருந்தன. ஒரு நாள் பார்த்தால் 15 அங்குல அலாய் வீல் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ரிம்மின் அகலம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. டயரோ 165/50 ஆர்15. டயரைவிட ரிம் 38 மி.மீ. அகலம்!

"ஏன்டா, அகலமான ரிம் வாங்கக் காசு இருந்துச்சு, அதுக்கேத்த டயர் வாங்கக் காசு இல்லையா?" என்று கேட்டேன்.

"மாமா, உங்களுக்குப் புரியாது. டயரை ஸ்ட்ரெட்ச் பண்ணாத்தான் மட்கார்டுல இடிக்காது" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 5 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 8 அங்குலம் போட்டால் 76 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீலை வண்டியில் முடுக்கும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) மாறாமல் இருந்தால் அதில் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். வீல் மட்கார்டு விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று ஆஃப்செட் குறைவான ரிம்மாகத் தேடி வாங்குவதால் இன்னும் வெளியே வரும். அதோடு வண்டியையும் இறக்கிவிட்டால் டயரின் தோள், அதாவது பட்டனும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு, நேராக மட்கார்டில் போய்த் தேய்க்கும். ஒல்லி டயரை இழுத்து மாட்டினால் தோள் உள்ளே சாய்ந்து தப்பித்துக்கொள்ளும். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பழைய கார்க்காரர்கள் கண்டுபிடித்த வழி இது. தாங்களே இழுத்துவிட்ட இடைஞ்சலுக்குத் தாங்களே பார்த்துக்கொண்ட கைவைத்தியம் என்று சொல்லலாம்.

ஆனால் விற்ற கடைக்காரர் அவனிடம் சொல்லாமல் விட்டது நிறைய. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த டயர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சரக்கு. தேடித் தேடிப் பார்த்தேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத் தேதி எண் 3514. அதாவது 2014-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. அளவுக்குப் பக்கத்தில் இருந்த சுமை எண் 73. பழைய டயரில் இருந்தது 82. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 73 என்றால் 365 கிலோ. நாலு சக்கரத்துக்கும் சேர்த்தால் 1,900 கிலோ தாங்கிய இடத்தில் இப்போது 1,460. எஸ்டீம் இலேசான வண்டிதான், ஆள் ஏறினாலும் கணக்கு உடனே மீறிப் போகாது. ஆனால் என்ஜின் இருக்கிற முன்பக்கம் பிரேக் அடிக்கும்போது வாங்குகிற சுமையைத் தாங்கக் கையில் மிச்சம் வேண்டாமா? அதோடு அந்த 365 கிலோவும் பொருத்தமான ரிம்மில், சொன்ன அளவு காற்றோடு இருந்தால்தான். 8 அங்குல ரிம்மில் அது எவ்வளவு தாங்கும் என்று செய்தவரே உறுதி கொடுக்க மாட்டார்.

மாட்டிய விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி இருக்கும்போது சாதாரண கம்ப்ரெஸர் காற்று அதில் நிற்காது. அதனால் உள்ளே பெட்ரோலைத் தெளித்து, தள்ளி நின்று தீக்குச்சியைக் காட்டுகிறார்கள். 'டொப்' என்ற சத்தத்தோடு டயர் விரிந்து ரிம்மில் ஏறிக்கொள்கிறது. இதை வீடியோ எடுத்துப் போடுவது இப்போது ஒரு பெருமை. டயரின் உள்பக்கம் ஒரு மெல்லிய ரப்பர் படலம் உண்டு; காற்றைக் கசியவிடாமல் வைப்பது அதுதான். அதன் மேல் தீ வைக்கிறோம் என்று அந்தப் பட்டறையில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

மாட்டிய நாளிலிருந்தே முன் இடது டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. பஞ்சர் இல்லை, வால்வும் சரி. கடைக்காரர் "40 பாயிண்ட் வைங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, கே.வி.கே. குப்பம் தாண்டி வரும்போது தண்ணீருக்கடியில் இருந்த குழியைக் கடைசி நிமிஷத்தில் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான். டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, காற்று முழுதும் ஒரே மூச்சில் போய், வண்டி ரிம்மில் உரசிக்கொண்டே நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர் சுதாரிப்பான ஆள். அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்த டயரை வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெட்டு இல்லை, ஆணி இல்லை, பீட் கம்பி ஒன்றும் அறுந்திருக்கவில்லை. கழன்றுவிட்டது, அவ்வளவுதான். மற்ற மூன்று சக்கரத்திலும் காற்றை அளந்ததில் ஒன்றில் 24 பாயிண்ட்தான் இருந்தது. பொருந்துகிற ரிம்மில் 24 பாயிண்டோடு ஓட்டினால் டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும். இழுத்து மாட்டிய டயரில் அதே 24 என்ன செய்யும் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நம் பகுதிச் சாலையை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கும் மணலிக்கும் இரவும் பகலும் கன்டெய்னர் வண்டி ஓடுகிற சாலை. குழி விழாத மாதம் கிடையாது. சாதாரண டயரில் ரிம் விளிம்பைத் தாண்டி ரப்பர் கொஞ்சம் புடைத்து நிற்கும். நடைமேடைக் கல்லில் இடித்தால் முதலில் ரப்பர் வாங்கிக்கொள்ளும். இழுத்த டயரில் வண்டியின் ஆக வெளியே இருப்பது ரிம்மின் விளிம்புதான். வார்ப்பு அலாய் இடித்தால் சில நேரம் வளையும், சில நேரம் விரிசல் விடும். மயிர்க்கோடாக விரிசல் விட்டால் கண்ணுக்கே தெரியாது. வேகத்தடைகள் வேறு. சாலை அமைப்பதற்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், ஏறி இறங்குவது தெரியாமல் போகலாம். எங்கள் தெருக்களில் வீட்டுக்காரர்களே மிச்ச சிமெண்டைக் குவித்துப் போட்ட தடைகள்தான் அதிகம். இறக்கிய வண்டி அதில் வயிறு உரசாமல் தப்பிக்க ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிக் குறுக்காகப் போகிறார்கள். எதிரே வருகிறவர் கதி அதோகதி.

இறக்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காயில் ஸ்பிரிங்கை கட்டிங் மெஷினில் இரண்டு சுற்று அறுத்துவிடுவதுதான் இங்கே மலிவான வழி. அறுத்த ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகும். ஆனால் அமுங்க இடம் இருக்காது, சட்டென்று பம்ப் ரப்பரில் (அடியில் முட்டாமல் தாங்கும் ரப்பர் கட்டையில்) போய் முட்டும். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினால் ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு லொடலொடவென்று ஆடும். ஒரு மேட்டில் சக்கரம் தொங்கினாலும் அதே கதைதான்.

வண்டி இறங்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும் மாறும். டயரின் உள்தோள் தேய்ந்து போனால் எல்லாரும் கேம்பர் மேல் பழி போடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக் குற்றவாளி டோதான். இறக்கிய கையோடு அலைன்மென்ட் பார்த்திருந்தால் டயர் இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் புதிதாக இருக்கும். குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தால் கம்பி தெரியும். சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும். யார் குனிந்து பார்க்கிறார்கள்?

இதைப் படிப்பவர்கள் என்னைக் கிழட்டு முணுமுணுப்பு என்று நினைக்கலாம். இளவயதில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்க சைக்கிளில் போன ஆள் நான். பந்தயத்துக்கு வந்த ஃபியட் கார்களும் இறக்கியவைதான், அகல ரிம் போட்டவைதான். ஆனால் ரிம் அகலமானால் டயரும் சேர்ந்து அகலமாகும். தரையில் படுகிற ரப்பரைக் கூட்டி, வளைவில் பிடிப்பைக் கூட்டுவதற்காகச் செய்தார்கள். இப்போதோ ரிம்மைப் பெரிதாக்கி, தரையில் படுகிற ரப்பரைக் குறைத்துக்கொள்கிறார்கள். காசைக் கொடுத்துப் பிடிப்பை விற்கிற வியாபாரம் இது.

அகல வீல் ஆசையைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அக்கா மகன் இப்போதும் 15 அங்குல அலாய்தான் ஓட்டுகிறான். ரிம் 6.5 அங்குலம், டயர் 195/50 ஆர்15, சுமை எண் 82. பழைய 175/70 ஆர்13 டயரின் மொத்த உயரம் 575 மி.மீ., இதன் உயரம் 576. ஸ்பீடோமீட்டரும் பழையபடியே காட்டுகிறது. முன்பு மாட்டியிருந்த 165/50 வெறும் 546 மி.மீ.; முள் 60-ஐக் காட்டும்போது வண்டி 57-ல்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடாத கிலோமீட்டரும் கணக்கில் ஏறியது. வண்டியை விற்கும்போது யாருக்கு நஷ்டம்? அறுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, 35 மி.மீ. இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங் போட்டிருக்கிறான். தெருவில் பார்த்தால் முன்னைவிட லட்சணமாக இருக்கிறது என்று அக்காவே சொல்கிறார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டுமே. சட்டம் கடுமையானதுதான். ஆனால் நான் பார்த்த எந்தத் தனியார் காரின் ஆர்.சி.யிலும் டயர் அளவு இருந்ததில்லை. எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? அளவு அறிந்து ஒரு சுற்று அகல டயர் போடுகிறவனுக்கும், ஸ்பிரிங்கை அறுத்துத் தீ வைத்து டயர் ஏற்றுகிறவனுக்கும் ஒரே பயம். அதனால் இருவரும் ஒரே மாதிரி ஒளிக்கிறார்கள். 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பழைய வீலை மாட்டிக்கொண்டு போகிறார்கள். காட்டிவிட்டு வந்த சாயங்காலமே அலாய் ஏறிவிடும். சில வட்டாரங்களில் இதற்கென்றே பழைய வீல் செட் வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேள்வி.

ஜெர்மனியில் வீல் அளவை மாற்றினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஒருவர் வண்டியைப் பார்த்து, ரிம், டயர், மட்கார்டு இடைவெளி எல்லாம் சரியென்றால் வண்டியின் தாளில் எழுதிக் கொடுக்கிறார். எழுதாமல் ஓட்டினால் பிடிக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அதற்குச் சட்டத் திருத்தம், விதி, அலுவலகம் என்று காலம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அலாய் வீலும் டயரும் விற்கிற கடைகள் பில்லில் நாலு விவரம் எழுதட்டும்: ரிம் அகலமும் ஆஃப்செட்டும், டயர் அளவு, சுமை எண், தயாரித்த வாரமும் வருஷமும். எல்லாம் பொருளின் மேலேயே அச்சடித்தும் பொறித்தும் இருப்பவைதான். பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. ரிம் 8 அங்குலம், டயர் 165 என்று தன் கையாலேயே ஒரே தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டியிருந்தால் பெட்ரோல் தெளிக்கக் கொஞ்சம் கை நடுங்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் காவல்துறையும் கேட்கிற முதல் தாளும் அதுவாகவே இருக்கும்.

டயர், அலாய் வியாபாரிகள் யாராவது இதற்குப் பதில் எழுதினால் உங்கள் பக்கத்தில் கட்டாயம் வெளியிடுங்கள். ரிம் அகலத்தை பில்லில் எழுதுவதில் அவர்களுக்கு என்ன சிரமம் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டயர் தொழிலாளி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை-19